துரைசாணி வீட்டுச் சீர்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டைப் பிடித்து நடந்தால், ஊர் முடிகிற இடத்தில் ஒரு கல் பங்களா இருந்தது. கோட்டையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த கல்லில் கட்டினது என்று சொல்வார்கள். யார் பெயர்த்தார்கள், யார் பார்த்தார்கள், எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எந்தக் கல்லைக் காட்டினாலும் கோட்டைக் கல் என்றுதான் சொல்வார்கள், அம்மிக்கல்லைக்கூட. ஆனால் பங்களா நிஜமாகவே பெரியது. மாட்டுவண்டி நுழைகிற அளவுக்கு வாசற்கதவு, ஆள் படுத்து உருளுகிற அகலத்துக்குச் சுவர், உள்ளே ஒரு நீளமான கூடம். சித்திரை வெயிலில் ராஜகிரி மலையே கொதிக்கும்போதும் அந்தக் கூடத்துத் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும்.

அங்கே இருந்தவர் சுவீடன் தேசத்துத் துரைசாணி. அப்படிச் சொல்கிறேனே தவிர, அவர் பிறந்தது அந்தப் பங்களாவின் மேற்கு அறையில்தான். அவருடைய அப்பா மிஷன் சங்கத்து டாக்டராக இங்கே வந்தவர். அம்மா அவரைக் கட்டிக்கொள்வதற்காகத் தனியாகக் கப்பலேறி, ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர். இரண்டு பேரும் பங்களாவுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடக்கமாகியிருந்தார்கள். மகள் நர்ஸ் படிப்புக்காகக் கொஞ்ச காலம் சுவீடனுக்குப் போனார். படிப்பு முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். "அங்க குளிர்ல காது இருக்குதா இல்லியான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கணும்மா" என்று சொல்வார். தமிழ் அவருக்கு அப்படியே எங்கள் தெருத் தமிழ். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் வேர்க்கடலைக்காரம்மா பேசுகிற மாதிரி இருக்கும்.

நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பொய்யில்லை. துரைசாணி பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் கண்ணையும் தலையையும் பார்க்க வருவார். பேன் இருக்கிற பிள்ளையைத் திட்டமாட்டார், சீப்பை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு வெள்ளைக்காரி எங்கள் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேன் எடுப்பதை நான் பார்த்தேன். அன்றைக்கு விழுந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சரி.

அறுபதுகளின் நடுவில் ஊருக்குக் கவர்மெண்டு ஆஸ்பத்திரி பெரிதாக வந்துவிட்டது. பங்களாவில் இருந்த டிஸ்பென்சரியை மூடினார்கள். துரைசாணிக்கும் வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கிற வயதாகிவிட்டது. மிஷன் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. பங்களாவை விற்கப் போகிறோம், நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், இங்கே சுவீடனில் முதியோர் இல்லத்தில் நல்ல அறை இருக்கிறது என்றார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் அதைப் படித்தார்.

அவர் அழவில்லை. அழுகிற ரகமும் இல்லை. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் பெட்டி பெட்டியாக இறக்கி வைத்திருந்தார்.

"டீச்சர், எங்கம்மாவும் நைனாவும் கொண்டாந்த சாமான் அத்தினியும் இங்க இருக்குது. இதையெல்லாம் இந்தக் கூடத்துல வரிசையா வெச்சி, ஊர் ஜனங்க வந்து பாக்கற மாதிரி செய்யப்போறேன். சங்கத்துக்கு எழுதிட்டேன். வீட்டை விக்காதீங்க, நான் பின்கட்டுல ஒரு ரூம்ல இருந்துக்கினு இதைப் பாத்துக்கறேன்னு."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"மெட்ராஸ்லருந்து ஒருத்தரை அனுப்பறாங்களாம். தொறக்கற அன்னிக்கி வந்து பாப்பாராம். ஊர் ஜனங்க வந்தா வீடு நிக்கும். வரலன்னா இல்ல."

அவ்வளவுதான் விஷயம். கூடத்துக்கு ஆள் வந்தால் அவர் பிறந்த வீட்டில் இருப்பார். வராவிட்டால் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஊருக்குப் போகவேண்டும்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பங்களாவுக்குப் போய்விடுவேன். அந்தச் சாமான்களைப் பார்த்த மகிழ்ச்சியை இப்போது எப்படிச் சொல்வது? முதலில் அந்தப் பெட்டி. அவருடைய அம்மா கொண்டுவந்தது. நீலச் சாயம் பூசி, மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பூ தீட்டி, மூடியில் மணப்பெண்ணின் பெயரின் முதல் எழுத்துகளும் வருஷமும் எழுதியிருந்தது. அங்கே மணப்பெண்ணுக்கு அப்படி ஒரு பெட்டி கட்டாயமாம். அதற்குள் அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து நெய்து சேர்த்த துணி: மேசை விரிப்பு, தலையணை உறை, துண்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் குறுக்குத் தையலில் பெயர். அந்தத் தையலை நான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருந்தது. ஒரு முடிச்சு தெரியவில்லை. எனக்கும் தையல் வரும், பள்ளிக்கூடத்தில் தையல் கிளாஸ் நானே எடுக்கிறேன். அதைப் பார்த்த பிறகு ஒரு மாதம் ஊசியைத் தொட வெட்கமாக இருந்தது.

செம்பில் செய்த காப்பிக் கெட்டில் ஒன்று, அடுப்புக்கரி இன்னும் அடியில் ஒட்டியபடி. வெண்ணெய்யை அழுத்திப் பூவாக எடுக்கிற மர அச்சு. கம்பளியில் பின்னின கையுறை, விரலுக்குத் தனித்தனியாக இல்லாமல் கட்டை விரலுக்கு மட்டும் தனி வீடு விட்டது. வைக்கோலைச் சிவப்பு நாடாவால் கட்டிச் செய்த ஓர் ஆடு, அது அவர்களுடைய கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு. மெல்லிசான வெள்ளியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிரீடம், மணப்பெண் தலையில் வைப்பது. அப்புறம் ஆளை விட உயரமாய், முன்னால் வளைந்த இரண்டு பலகைகள். பனியில் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிப் போவதற்காம். செஞ்சிக்கு அதை எதற்குக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். "எங்க நைனாவுக்கு யாருமே சொல்லல, இங்க பனி பேயாதுன்னு" என்றார்.

எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. அதை அவரிடமே சொன்னேன். எங்கள் குடும்பமும் வந்து சேர்ந்த குடும்பம்தான். நவாபு காலத்தில் படையோடு வந்தோம் என்று வீட்டில் சொல்வார்கள். என்ன கொண்டுவந்தோம், எந்தப் பெட்டியில் கொண்டுவந்தோம், ஒன்றும் கிடையாது. கதைதான் இருக்கிறது, அதுவும் ஆளுக்கு ஒரு மாதிரி. இவர்கள் கெட்டிலின் கரியைக்கூட வைத்திருந்தார்கள். எங்கேயோ பனி பெய்கிற கிராமத்தில் ஒரு பெண் விளக்கடியில் உட்கார்ந்து தைத்த துணியை நான் செஞ்சியில் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பெருமை என்றால் அதுதான்.

சரி, ஆளைக் கூட்ட வேண்டுமே. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். துரைசாணி அழைப்பிதழ் அச்சடித்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் வெறும் அழைப்பிதழைக் கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள். நேரில் போகவேண்டும், வெற்றிலை பாக்குத் தட்டோடு போகவேண்டும், வாசலில் நின்று பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்து கூப்பிட வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டிலேயே அடிபட்டது. "தொரசாணியம்மா பங்களாவுல மியூசியம் தொறக்கறாங்க" என்றேன். அந்த வீட்டம்மா, "மியூசியம்னா இன்னாது?" என்று கேட்டார். "மெட்ராஸ்ல இருக்குதே, செத்த காலேஜு. அது மாதிரி" என்றேன். அந்தக் காலத்தில் மெட்ராஸ் மியூசியத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மிருகக் காட்சி சாலை உயிர் காலேஜ், இது செத்த காலேஜ். அந்தம்மா தட்டை மெல்ல என் பக்கமே நகர்த்தினார். "நல்ல நாளும் அதுவுமா செத்ததைப் பாக்க யாரும்மா வருவா?" என்றார். அடுத்த வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்த வார்த்தையே வேண்டாம் என்று தூக்கிப் போட்டேன். நான்காவது வீட்டில் உட்கார்ந்து இப்படிச் சொன்னேன்: "தொரசாணியம்மா வூட்ல அவங்க அம்மா கொண்டாந்த சீரு சாமான் எல்லாத்தையும் கூடத்துல வரிசையா எடுத்து வெச்சிருக்காங்க. வெள்ளி கிரீடம்கூட இருக்குது. எல்லாரும் வந்து பாக்கணும்னு ஆசைப்படறாங்க."

இதில் ஒரு வார்த்தை பொய்யா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் முகம் மலர்ந்த விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "எத்தினி மணிக்கு?" என்றார்கள். அதன் பிறகு ஒரு வீட்டில்கூட எனக்குத் தடங்கல் இல்லை. சில வீடுகளில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கேள்விப்பட்டோம் டீச்சர், கட்டாயம் வந்துடறோம்" என்றார்கள். பக்கத்துக் கிராமமான சிங்கவரத்துக்குப் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அங்கிருந்து கடலை கொண்டுவருகிற அக்கா ஒருவர் பங்களாவுக்கு வாடிக்கை. அவருடைய நாலு பிள்ளைகளும் துரைசாணியின் கையில் பிறந்தவர்கள். அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குச் சொல்லணுமா டீச்சர்? எப்பவோ நடக்க வேண்டியது. இப்பவாவது நடக்குதே" என்றார். கண்காட்சியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

திறக்கிற நாள் வந்தது. கூடம் முழுக்க மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து, சாமான்களை அடுக்கியிருந்தோம். நடுவில் நீலப் பெட்டி, மூடியைத் திறந்து துணியெல்லாம் தெரிகிற மாதிரி. அதன் மேல் கிரீடம். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்தது என்னுடைய ஏற்பாடு. வருகிறவர்களை வாவென்று சொல்ல வேண்டாமா? துரைசாணிக்கு ஒரு அரக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டதும் நான்தான். நாள் முழுக்க வெளுத்த பருத்திச் சேலையில் திரிகிறவர், அன்றைக்கு ஒரு நாளாவது பளிச்சென்று நிற்கட்டுமே என்று எனக்கு ஆசை.

மெட்ராஸ்காரர் காரில் வந்து இறங்கினார். தமிழர்தான். நரைத்த தலை, கோட்டு, பளபளவென்று ஷூ. நல்ல மனிதர், மரியாதையானவர். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நடுவில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார். துரைசாணி ஒரு துண்டை எடுத்து மடித்து வைத்தார், அதையே மறுபடி பிரித்து மடித்தார்.

அப்போது ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது.

சத்தியமாக நான் மேளம் சொல்லவில்லை. ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தேன். முன்னால் மேளக்காரர்கள். பின்னால் சிங்கவரத்துப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கடைத்தெருப் பெண்கள், அதற்கும் பின்னால் எங்கள் தெருப் பெண்கள், வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு. என் மாமியாரும் அதில் இருந்தார். ஒருத்தர் கையும் சும்மா இல்லை. தலையில் தட்டு, இடுப்பில் தட்டு. பித்தளைக் குடம், குத்துவிளக்கு, புது முறம், இட்லிப் பானை, கோரைப் பாய், வாழைத்தார், ஒரு மூட்டை வேர்க்கடலை, கண்ணாடி வளையல், சேலை. இரண்டு மாலைகள் தனித் தட்டில்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் சீர் சாமான்களைக் கூடத்தில் வரிசையாக வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அவரவர் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்து அந்த வரிசையில் சேர்ப்பார்கள். இந்துக்களும் சரி, முஸ்லிம்களான நாங்களும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது. கூடத்தில் சீரை எடுத்து வைத்திருக்கிறது, கிரீடம் இருக்கிறது, டீச்சர் வெற்றிலைத் தட்டோடு வந்து கூப்பிட்டார். வேறு என்ன நினைப்பார்கள்? இத்தனை வருஷம் கல்யாணம் இல்லாமல் எங்களுக்கே உழைத்த அம்மாவுக்கு ஒருவழியாகக் கல்யாணம்.

எனக்குப் புரிந்தபோது தட்டெல்லாம் உள்ளே போய்விட்டது. தடுக்கவும் வழியில்லை, தடுக்க மனமும் இல்லை. அப்படி ஒரு கூட்டத்தை அந்தக் கூடம் பார்த்ததே கிடையாது. மெட்ராஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

சும்மா வந்துவிட்டுப் போகிற கூட்டமும் இல்லை. ஒவ்வொரு சாமானையும் விசாரித்தார்கள். சறுக்குப் பலகையைப் பார்த்து, "இது இன்னாது, ஏத்தக் கட்டையா?" என்றார்கள். துரைசாணி பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பலகை மேல் ஏறி நின்று, கூடத்தின் வழவழப்பான தரையில் நாலு எட்டு சறுக்கிக் காட்டினார். அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "இந்த வயசுலயும் பாரேன்" என்று என் மாமியார் சொன்னார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வைக்கோல் ஆட்டைப் பார்த்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "ஆட்டைக்கூட வைக்கோல்ல செஞ்சிட்டா பண்டிகைக்கு எதை ஆக்கறது?" என்று கவலைப்பட்டாள். சிவப்புத் தையல் போட்ட துணியைக் கையில் வாங்கினவர்கள் யாரும் சீக்கிரம் கீழே வைக்கவில்லை. நான் செய்த மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எங்கம்மா சின்னப் பொண்ணா இருக்கச்சொல்ல போட்டது" என்று துரைசாணி சொன்னார். "கண்ணு என்னாத்துக்கு ஆவும்" என்று ஒருத்தி உருகினாள்.

இதற்கு நடுவில் ஒரு கும்பல் மெட்ராஸ்காரரைச் சுற்றி நின்றது. கோட்டு, ஷூ, நடுநாற்காலி. முடிவு கட்டிவிட்டார்கள். "தலை கொஞ்சம் நரைச்சிட்டுது, பரவால்ல" என்று ஒரு குரல். "ஆளு கெட்டியாத்தான் இருக்காரு" என்று இன்னொன்று. சிங்கவரத்து அக்கா தட்டிலிருந்து ஒரு மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். இன்னொரு மாலையைத் துரைசாணியின் கழுத்தில் போட்டார். துரைசாணிக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது போல, என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மெட்ராஸ்காரர் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. பேசத் தொடங்கினார்.

"இந்த ஊர் மக்களின் அன்பைக் கண்டு எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு வெளிநாட்டுப் பெண்மணிக்கு இவ்வளவு பரிசுகளோடு ஊரே திரண்டு வந்து விடைகொடுப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை. இனி எனக்கு ஒரு குறையும் இல்லை. செஞ்சி மக்கள் அம்மாவை மனநிறைவோடு வழியனுப்பி வைத்தார்கள் என்று சங்கத்துக்கு எழுதிவிடுவேன்."

வழியனுப்பி வைத்தார்கள். ஊர் வரவில்லை என்றால் வீடு போகும் என்று பயந்தோம். ஊர் வந்து, வந்த அழகிலேயே வீடு போகப் பார்த்தது. துரைசாணி ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ.

"ஐயா, இது வழியனுப்பறது இல்லீங்க" என்றேன்.

"பின்னே?"

"கல்யாணச் சீரு."

"கல்யாணமா? யாருக்கு?"

பின்னால் நின்ற யாரோ ஒருத்தி ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "உங்களுக்குத்தாங்க."

அவர் தன் கழுத்து மாலையைக் குனிந்து பார்த்தார். முதலில் சிரித்தது துரைசாணிதான். குடத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் அவர், அப்புறம் மேளக்காரர்கள், அப்புறம் எல்லோரும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தி உண்மையைச் சொன்னேன். கல்யாணம் இல்லை, இந்தச் சாமானையெல்லாம் ஊர் பார்ப்பதற்காக வைத்தது, ஊர் வேண்டும் என்று சொன்னால்தான் இந்த வீடு நிற்கும், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சுவீடனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

சிரிப்பு நின்றது. தட்டைத் திரும்ப எடுக்க ஒரு கை நகரவில்லை. சிங்கவரத்து அக்காதான் பேசினார். சத்தம் போட்டுப் பேசவில்லை, கடலை விலை சொல்கிற குரலிலேயே பேசினார்.

"கல்யாணம் இல்லன்னா போவுதுங்க. சீரு வந்தது வந்ததுதான். எங்க பக்கம் சீரை யாரு குடுப்பாங்க தெரியுங்களா? பொறந்த வூடு குடுக்கும். இந்தம்மாவுக்கு நாங்க குடுத்துட்டோம். அப்ப பொறந்த வூடு எது? இதுதானே? பொறந்த வூட்டை யாருங்க விப்பாங்க?"

மெட்ராஸ்காரர் துரைசாணியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். தகவல் வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எப்போது வருகிறீர்கள், எந்தக் கப்பலில் வருகிறீர்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அவர் நீலப் பெட்டியைப் பார்த்தார். அந்த மூடியிலிருந்த அம்மாவின் எழுத்துகளைத் தடவினார்.

"எங்கம்மா இந்தப் பெட்டியோட வந்து எறங்கனப்போ அவங்களுக்கு இங்க யாரும் இல்லீங்க. பிரசவத்துக்குப் போவ ஒரு அம்மா வூடு இல்ல. மேக்கால ரூம்ல தனியா வலியெடுத்துதான் என்னைப் பெத்தாங்க. சாவற வரைக்கும் அதைச் சொல்லிக்கினு இருந்தாங்க. அவங்களுக்கு இல்லாதது எனக்கு இருக்குது. நான் எங்கயும் போகல."

இவ்வளவு காலம் சங்கத்திடம் வேண்டிக் கேட்டுக்கொண்டே இருந்த மனுஷி. நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பன்னீர்ச் செம்பு உருண்டு மெட்ராஸ்காரரின் ஷூவை நனைத்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காப்பி கேட்டார். குடித்துவிட்டு, ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, மறுபடி முதல் மேசையிலிருந்து பார்க்கத் தொடங்கினார். இந்தத் தடவை சுவீடன் சாமானோடு நிறுத்தவில்லை. முறத்தைக் கொண்டுவந்தவரிடம் முறத்தைப் பற்றியும், பாயைக் கொண்டுவந்தவரிடம் பாயைப் பற்றியும் விசாரித்தார். பொழுது சாய்ந்து கார் கிளம்பும்போது மாலை அவர் கழுத்திலேயே இருந்தது. மறந்துபோய் அப்படிப் போனாரா, வேண்டுமென்றே போனாரா, கடைசி வரை தெரியவில்லை.

என்ன எழுதினார் என்றும் எனக்குத் தெரியாது. வீடு நின்றது. துரைசாணி பின்கட்டில் இருந்துகொள்ளலாம், கூடம் ஊருக்குத் திறந்திருக்கலாம் என்று பதில் வந்தது. செஞ்சிச் சீரைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "பைத்தியமா டீச்சர் உனக்கு?" என்றார். கடைசி மேசையை அதற்காக ஒதுக்கினார். செம்புக் கெட்டிலுக்குப் பக்கத்தில் பித்தளைக் குடம் உட்கார்ந்தது. கடலையை மட்டும் வறுத்துத் தின்றோம். அதன் பிறகு கோட்டை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் பங்களாவையும் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களுக்கு வழி சொல்லும்போது மியூசியம் என்றும் சொல்லமாட்டார்கள், செத்த காலேஜ் என்றும் சொல்லமாட்டார்கள். சீர் வீடு என்பார்கள்.

அறுபதுகள் முடிவதற்குள் துரைசாணி போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர், மேற்கு அறையிலேயே. சுவீடனிலிருந்து யாரும் வருவதற்கு நேரமில்லை. மெட்ராஸ்காரர் வந்தார். முன்னைவிடத் தளர்ந்திருந்தார். கூடத்தில் நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் துரைசாணியைக் கிடத்தியிருந்தோம். ஊர் வந்து நின்றது, இந்தத் தடவை யாரும் போய்க் கூப்பிடவில்லை.

எல்லாம் முடிந்து தூக்கப்போகிற நேரத்தில் சிங்கவரத்து அக்கா கையில் ஒரு தட்டோடு உள்ளே வந்தார். தட்டில் ஒரு புதுச் சேலை, மாம்பழ நிறத்தில், சிவப்புக் கரை. நீலப் பெட்டியின் மேல் வைக்கவில்லை, மேசையில் வைக்கவில்லை. நேரே வந்து அவர் உடம்பின் மேல் விரித்து, கால் வரைக்கும் இழுத்துச் சரிசெய்தார்.

மெட்ராஸ்காரர் என் பக்கம் குனிந்து, "இது என்ன?" என்று மெல்லக் கேட்டார்.

"பொறந்த வூட்டுக் கோடிங்க" என்றேன். "பொம்பளை செத்தா பொறந்த வூட்லருந்து வந்து போத்தணும்."

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து தூக்குவதற்கு ஒரு தோள் கொடுத்தார்.